நாணயம் ஐம்பத்தொன்பது

ஆரணி கொசப்பாளையத்தில் சுப்பராயலுவிடம் அபிப்பிராயம் கேட்பவர்கள் இரண்டே வகை. ஊருக்குப் புதியவர்கள், அல்லது வேறு வழியில்லாதவர்கள். மற்றவர்கள் அவர் வாயைக் கிளற மாட்டார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன வீட்டில், "யார் ஜாடைங்க?" என்று ஆசையாகக் கேட்ட தகப்பனிடம், குழந்தையை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு மனுச ஜாடையே வரலைங்க" என்று சொன்ன ஆள் அவர். கூடப் போயிருந்த மனைவி ஸ்வர்ணலதா, கொண்டுபோன ஆப்பிள் பையை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

தொழிலிலும் அப்படித்தான். நெய்து முடித்த பட்டுப்புடவையைக் கடை முதலாளியிடம் கொடுக்கும்போது, "மூணாவது மடிப்புல ஒரு இழை அறுந்துச்சிங்க, முடிச்சி போட்டிருக்கேன்" என்று தானாகவே சொல்லிக் கூலியில் பிடித்தம் வாங்கிவருவார். அந்த முடிச்சை பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் முதலாளிக்குக் கிடைத்திருக்காது. வாங்கிய வெட்டை வீட்டில் வந்து பெருமையாகவும் சொல்வார். "நாணயம்னா நாணயந்தாம்மே!" என்பார். ஸ்வர்ணலதாவும் சளைக்க மாட்டாள். "அந்த நாணயத்த எடுத்துகினு போய் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கிகினு வாங்க" என்பாள்.

இந்த மனுஷனிடம்தான் போயும் போயும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள் ரீனா.

ரீனா, பக்கத்து வீட்டுப் பவுல்துரையின் மகள். பவுல்துரையும் நெசவாளிதான். சுவருக்கு அந்தப்பக்கம் அவர் தறி, இந்தப்பக்கம் சுப்பராயலு தறி, முப்பது வருஷப் பழக்கம். ரீனா படித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், டிபன் டப்பா அளவில் ஏழு கறுப்புப் பெட்டிகளைச் சுப்பராயலு வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, தெருவிலிருந்த ஏழு நெசவுக் குடும்பங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இதுக்கு பிளாக்செயின்னு பேரு பெரியப்பா. நாங்க பட்டுச்சங்கிலின்னு பேர் வச்சிருக்கோம்" என்றாள் சுப்பராயலுவைப் பார்த்து.

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த ஸ்வர்ணலதா தம்ளரோடு வெளியே வந்தாள். "சங்கிலியா? எத்தினி பவுனு?"

பவுன் இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பெண்களுக்கு சுவாரசியம் போய்விட்டது. ரீனா விடாமல் சொன்னாள். "புடவை தறியிலருந்து எறங்குனதும் யாரு நெய்ஞ்சது, எத்தினி கிராமு, இன்னா ஜரிகைன்னு நீங்க போன்ல ஏத்துறீங்க. ஏழு ஊட்டுல இருக்கிற ஏழு பெட்டியும் அத்த சரி பாத்து கையெழுத்து போடும். ஏழுல அஞ்சு ஒத்துகினா போதும், பன்னெண்டு செகண்டுல முடிஞ்சிது. அப்புறம் நானே நெனச்சாலும் அத்த அழிக்க முடியாது. வாங்குறவங்க புடவையில இருக்கிற கியூஆர் கட்டத்த போன்ல காட்டுனா எல்லாம் வந்து நிக்கும். வியாபாரிங்க, எங்கள மாதிரி சாஃப்ட்வேர் எழுதுறவங்க, யாரு வேணா இத தொறந்து படிக்கலாம், இதும்மேல அவங்க சாஃப்ட்வேர கட்டிக்கலாம்."

"கரண்டு பில்லு?" என்றார் பவுல்துரை. மகளாக இருந்தாலும் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார்.

"பழைய மாதிரி செயினுன்னா மிஷினுங்க போட்டி போட்டுகினு கணக்கு போடும்பா. ஊர் கரண்டே காலியாவும். இதுல போட்டியே கெடையாது, ஒரு பல்பு எரியிற செலவுதான். அதுக்கு பதிலா சாட்சி சொல்றவங்க முன்னாடியே தங்களோட நாணயத்த பணயமா வைக்கணும். பொய்ச்சாட்சி சொன்னாலோ, பெட்டிய தூங்க வுட்டாலோ, நாணயத்துல வெட்டு வுழும்."

ரீனா சொன்ன நாணயம் காசு. கம்பெனி கணக்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் கொடுத்திருக்கும் நூறு மின்காசு. ஆங்கிலத்தில் இருந்ததை ஏதோ அகராதியைப் பார்த்து அப்படித் தமிழாக்கிச் செயலியில் போட்டுவிட்டாள். சுப்பராயலுவின் காதில் விழுந்த நாணயம் வேறு. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐம்பத்துநாலு வயசு வரைக்கும், பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு சேர்த்து வைத்ததை அளந்து பார்க்க ஒரு கருவி வந்திருக்கிறதே!

"ஒருத்தருக்கு நூறு நாணயம்" என்றாள் ரீனா.

"எனக்கு நூறு பத்துமாம்மா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார் சுப்பராயலு.

அன்றே பெட்டி அவர் தறிக் கூடத்தில் சாமிப் படத்துக்குக் கீழே ஏறியது. ஸ்வர்ணலதா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நெசவாளர் குழு அலுவலகத்தில் ரீனா ஒரு பெரிய டிவியையும் மாட்டிவிட்டுப் போனாள். அதில் ஏழு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 'நாணயம்: 100' என்று பச்சை எழுத்து. டிவிக்கு நேர் எதிரே டீக்கடை. வீட்டில் நல்ல டீ இருக்க, சுப்பராயலு தினமும் அங்கே போய்க் குடிக்க ஆரம்பித்தார். தெரிந்தவர் தெரியாதவர் யார் வந்தாலும், "போர்டு பாத்தீங்களா?" என்பார். ஏழு பேருக்கும் நூறுதான் என்பது அவர் கண்ணில் படவேயில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு நல்ல காரியம் கூடிவந்தது. மகள் மதிவதனி வேலூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். தெள்ளாரிலிருந்து வரன். பையன் பெயர் தீனா, சென்னையில் அவனும் சாஃப்ட்வேர். ஜாதகம் பொருந்தி, போட்டோ மாற்றி, பையனும் பெண்ணும் இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு எந்த அளவுக்கு வந்திருந்தது என்றால், மதிவதனி வேலூர் பஸ்ஸில் ஆரணி நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு தடவை போளூர் போய் இறங்கியிருக்கிறாள். இந்த இடம் தட்டிப்போனால் பெண் தாங்க மாட்டாள் என்பது வாய் நீளமான அந்தத் தகப்பனுக்கும் தெரியும். பையனின் அப்பா கன்னியப்பன் மின்சாரத் துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கறார் ஆசாமி. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறுக்கு முன்னால் அமாவாசை வந்தது.

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. வானம் இடிந்து விழுந்தாலும் ஓடாது. இது சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்குத் தெரியாது. ஆரணியில் பிறந்து வளர்ந்த ரீனாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளோ பெட்டியைத் தறியாக நினைக்கவில்லை. தெருவில் ஏழு வீட்டிலும் அதைத் தறியாகத்தான் நினைத்தார்கள். ஆறு வீடுகளில் காலை ஆறு மணிக்குத் தறியைக் கும்பிட்டுத் துணி போர்த்தினார்கள், பெட்டியின் சுவிட்சையும் அணைத்தார்கள். பட்டுச்சங்கிலி நின்றது.

சென்னையில் ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கு, 'இது ஒருநாளும் நிற்காது' என்று காட்டிக்கொண்டிருந்த நேரம். ரீனா வெளியே ஓடிவந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, பெட்டி ஏன் ஓடல?"

"அமாவாசைம்மா."

"நாம கிறிஸ்டியன்ப்பா!"

"தறி கிறிஸ்டியனா?" என்றார் பவுல்துரை. "தெருவே நின்னுகினு இருக்கசொல்ல நம்ம பெட்டி மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சா நாலு பேரு இன்னா நெனப்பாங்க?" ஞாயிற்றுக்கிழமையும் லீவு, அமாவாசையும் லீவு என்று இரண்டு பக்கமும் அனுபவித்துவந்த மனுஷன், எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ரீனா கெஞ்சியும் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் ஆறு பெட்டிகளும் திரும்ப எரிந்தன. தூங்கிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு நாணயம் வெட்டு என்பது விதி. ஆறு பேருக்கும் பன்னிரண்டு போய் எண்பத்தெட்டு நின்றது.

சுப்பராயலுவின் கதை வேறு. அவர் மற்றவர்களைப் போலக் காலண்டரில் தேதியைப் பார்த்து நிறுத்துகிறவர் இல்லை. பஞ்சாங்கம் பார்ப்பவர். அமாவாசைத் திதி முந்தின நாள் மதியம் ஒரு மணிக்கே பிறந்துவிட்டது. பிறந்த நிமிஷமே பெட்டியை அணைத்தார். அமாவாசை கழிந்து மறுநாள் காலை ஆறு மணிக்குத் தறியைத் தொடும்போதுதான் அதையும் தொட்டார். மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம். பெட்டி எரிந்ததுமே போனில் செய்தி வந்தது.

'தங்கள் நாணயம் 41 குறைக்கப்பட்டது. மீதமுள்ள நாணயம்: 59. காரணம்: கடமை தவறியமை.'

சுப்பராயலு அதை மூன்று தடவை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார். டிவியில் கடைசிப் பெயராக, சிவப்பு எழுத்தில், அவர் நின்றுகொண்டிருந்தார். டீ மாஸ்டர் அன்றைக்குப் பார்த்து, "போர்டு பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தார்.

சம்பந்தம் செய்வதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தெருவில் விசாரித்துவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம். கன்னியப்பன் அதற்குத் தேர்ந்தெடுத்த நாளும் அதே நாள்தான். சாயங்காலம் பவுல்துரை சுவர் வழியாக எட்டிப் பார்த்துச் சேதி சொன்னார். "கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தரு டீக்கடையில குந்திகினு ரெண்டு டீ குடிச்சாரு. 'சுப்பராயலுன்னா ஆளு எப்படி'ன்னு கேட்டாரு. மாஸ்டரு வாயத் தொறக்கறதுக்குள்ள போர்ட பாத்துட்டாரு. போட்டோ வேற புடிச்சிகினு போனாரு."

அடுத்த அரை மணியில் தெள்ளாரிலிருந்து போன். "இந்த ஞாயித்துக்கெழமை வேணாங்க. பையனுக்கு லீவு கெடைக்கல. பாத்து சொல்றேன்" என்று கன்னியப்பன் வைத்துவிட்டார். 'பாத்து சொல்றேன்' என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மதிவதனி அழவில்லை. அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "எல்லாரும் மறுநாள் காலையிலதானப்பா ஆஃப் பண்ணாங்க. நீ மட்டும் ஏம்பா முந்தின நாளே?" என்று கேட்டாள்.

"திதி பொறந்துட்ச்சேம்மா" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பதில் என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் ரீனா வந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பெரியப்பா, அது காசு! உங்க யோக்கியத இல்ல! அந்தப் பேர நான் டோக்கன்னு மாத்திடறேன்."

"மாத்தி? அம்பத்தொம்பது டோக்கன்னு போடுவியா? ரேஷன் கட வரிசையில நிக்கிற மாதிரி?"

"பேரத்தான் மாத்த முடியும். நம்பர அழிக்க முடியாது. ஆனா ஒரு வழி இருக்குது" என்றாள் ரீனா. பெட்டி நின்றதற்குத் தக்க காரணம் இருந்தால் முறையீடு செய்யலாம். செயலியில் நான்கு கட்டங்கள் வரும்: மின்தடை, இயந்திரக் கோளாறு, இணையக் கோளாறு, பிற. ஏழு பேரில் ஐந்து பேர் ஒப்புக்கொண்டால் வெட்டிய நாணயம் திரும்ப வந்துவிடும். எது உண்மையோ அதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

பஸ் கிளம்பிய சூடு ஆறுவதற்குள் ஆறு பேரும் 'மின்தடை'யை அமுக்கினார்கள். ஒருவருக்கொருவர் ஒப்புதல் போட்டுக்கொண்டார்கள். டிவியில் ஆறு பெயரும் பச்சையாகி நூறுக்கு ஏறின. பவுல்துரை அன்று மாலையே சர்ச்சுக்குப் போய் முழங்காலில் நின்றுவிட்டு வந்தார். வந்த நாணயத்தைத் திருப்பித் தரவில்லை.

இப்போது ஊரில் பாக்கி ஒருவர்தான்.

"அன்னிக்கு கரண்டு போவலியே" என்றார் சுப்பராயலு.

"போவலதான். யாரு இல்லன்னாங்க? ஒரு வெரல எடுத்து அந்தக் கட்டத்து மேல வைக்கிறதுக்கு இன்னா பேஜாரு உங்களுக்கு?" ஸ்வர்ணலதா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு தபா. பொண்ணு மூஞ்சப் பாருங்க."

"நாணயத்த திரும்ப வாங்கறதுக்கு பொய் சொல்லச் சொல்றியா? அப்பறம் வர்றது இன்னா நாணயம்மே?"

"நூறு நாணயம்!" என்றாள் அவள். கணக்கில் ஸ்வர்ணலதா எப்போதுமே தெளிவு.

சுப்பராயலு போனைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தறிப் பலகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை விரல் 'மின்தடை'க்குப் பக்கத்தில் போய் வந்தது. மகளை நினைத்தால் அமுக்கிவிடத் தோன்றியது. அமுக்கலாம் என்று போனால் கை வரவில்லை. கடைசியில் 'பிற' என்ற கட்டத்தைத் தொட்டு, தப்பும் தவறுமாகத் தட்டச்சுச் செய்தார். 'அமாவாசை. நாணே அனைத்தேன். கரண்டு இருந்தது.'

அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. அதுதான் ஆறு பேர் தலையிலும் கல்லைப் போட்டது. தெருவே அவர்மேல் பாய்ந்தது. அவருடைய முறையீட்டுக்கு ஒப்புதல் கேட்டபோது, பாவ மன்னிப்புச் சூடு ஆறாத பவுல்துரை மட்டும் 'சரி' போட்டார். மற்ற ஐந்து பேரும் 'இல்லை' போட்டார்கள். புளுகிய ஆறு பேர் நூறில் பச்சையாக நிற்க, நிஜம் சொன்னவர் ஐம்பத்தொன்பதில் சிவப்பாக நின்றார். அதையும் யாராலும் அழிக்க முடியாது.

மூன்று நாள் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது, அதிலும் உப்பு குறைவாக.

நாலாம் நாள் தெள்ளாரிலிருந்து போன். கன்னியப்பனின் குரல் கொதித்துக்கொண்டிருந்தது. "ஏங்க, என் பையன் அந்தச் சங்கிலிய தொறந்து எல்லாத்தையும் படிச்சிக் காமிச்சான். அன்னிக்கு ஆரணியில மின்தடைன்னு ஆறு பேரு எழுதி வச்சிருக்கான்! முப்பத்திரெண்டு வருசம் கம்பம் ஏறுனவன் நான். எங்க பழைய ஆளுங்களுக்கு போன் போட்டு கேட்டேன், அன்னிக்கு ஒரு நிமிசம் கூட சப்ளை நிக்கல. வாய் கூசாம எங்க மேல பழி போட்டிருக்கானுங்க!" மூச்சு வாங்கிக்கொண்டார். "'கரண்டு இருந்தது'ன்னு எழுதுன ஒரே ஆளு நீங்கதாங்க. உங்க ஊட்டுலதான் பொண்ணு எடுக்கணும். வர ஞாயித்துக்கெழமை ஜல்தியா வந்துடறோம்."

சுப்பராயலு போனை வைத்துவிட்டுக் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். "பாத்தியா? பாத்தியா?" என்று ஸ்வர்ணலதாவை நாற்பது தடவையாவது கேட்டிருப்பார். அவளும் பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன், அவர் மனைவி செல்லம்மாள், தீனா மூவரும் வந்தார்கள். உபசாரம் முடிந்தது. மதிவதனி காபித் தட்டோடு வந்தாள். கிளிப்பச்சைப் புடவை, முந்தானையில் பெரிய மயில்.

பத்தடி தூரத்திலேயே சுப்பராயலுவுக்குத் தெரிந்துவிட்டது. அது விசைத்தறி. பட்டே இல்லை. கண்ணைப் பறிக்கும் பிளாஸ்டிக் ஜரிகை. மயிலுக்குக் கொக்கின் கழுத்து, வாத்தின் வயிறு. அசல் பட்டு கனக்கிறது என்று மகள் போனில் தள்ளுபடியில் எதையோ வாங்கியிருக்கிறாள்.

செல்லம்மாள் முந்தானையை விரலால் நீவிப் பார்த்துச் சொக்கிப்போனாள். "எவ்ளோ லேசு! மயிலு இன்னா அழகு! யாரு நெய்ஞ்சதும்மா?"

மதிவதனி வாயைத் திறப்பதற்குள் ஸ்வர்ணலதா முந்திக்கொண்டாள். "வேற யாரு? அவங்கப்பாதான். பொண்ணுக்குன்னு பாத்துப் பாத்து நெய்ஞ்சாரு." நெசவாளி வீட்டுப் பெண் கடைப் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

கன்னியப்பன் சிரித்தார். "நீங்க சொன்னா செல்லாதும்மா. சம்பந்தி சொல்லட்டும். பொய்யே வராத வாயாச்சே!"

எல்லோரும் சுப்பராயலுவைப் பார்த்தார்கள். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வையில் இருந்த பயம் சுப்பராயலுவைக் குத்தியது. பெற்ற மகள் நம்மைப் பார்த்து இப்படிப் பயப்படும்படியாகவா இத்தனை வருஷம் இருந்தோம் என்று இருந்தது. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்கிறவனோடு அவர் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. உண்மையைச் சொன்னால் பெண்டாட்டியும் பெண்ணும் வந்தவர்கள் முன்னால் பொய்க்காரிகள்.

"ஆமாங்க" என்றார். "நான் நெய்ஞ்சதுதான்."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? கன்னியப்பன் சந்தோஷத்தில் தொடையில் தட்டினார், தாம்பூலத் தட்டு மாறியது. தீனா முதல் தடவையாக நிமிர்ந்து சிரித்தான். செல்லம்மாளுக்கு மட்டும் புடவையிலிருந்து கண் போகவில்லை.

"சம்பந்தி, கண்ணாலத்துக்கு இதே பச்ச, இதே மயிலு. எனக்கு ஒண்ணு, எங்க நாத்தனாருங்க மூணு பேருக்கும் மூணு. நீங்களே உங்க கையால நெய்ஞ்சி குடுத்துடுங்க."

"அந்தச் சங்கிலியிலயும் ஏத்திடுங்க" என்றார் கன்னியப்பன் பெருமையாக. "உங்க பேரோட. ஒருத்தனும் அழிக்க முடியாத மாதிரி."

வண்டி தெருமுனை திரும்பியதும் மதிவதனி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்வர்ணலதாவுக்கும் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன்மேல் இவ்வளவு பிரியம் அவளுக்கு வந்ததில்லை. அவர் தறிப் பலகையில் போய்க் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வுடுங்க. பொண்ணுக்காகத்தானே சொன்னீங்க. ஒரு பொய்யி. அதுக்கா இப்படி இடிஞ்சிபோய் குந்திகினு இருக்கீங்க?"

சுப்பராயலு நிமிர்ந்து பார்த்தார்.

"பொய் போனா போவுதும்மே" என்றார். "அந்த மயில நான் போட்டன்னு சொல்லிட்டேனே!"